கேளுங்க சொல்றோம்: கோவெந்தர் அம்மாவும் ஒரு வெள்ளைக்கார ஜட்ஜும்

கேள்வி: ஏனுங்க, தென்னாப்பிரிக்காவுல கவுண்டர் பேருல ஒரு கேஸ் நடந்துச்சாம், அதுக்கப்பறம்தான் ஊட்டவிட்டு வெரட்டறது கொறஞ்சுதுன்னு லா காலேஜ் படிக்கற என்ற பையன் சொல்றான். நெசமாங்க?
(ஒரு அம்மா, கோபிசெட்டிபாளையம்)

பதில்: நெசந்தானுங்க. கவுண்டர்ங்கறதுதான் அங்க எழுத்துல கோவெந்தர்னு ஆயிருச்சு. ஆனா நம்ம கொங்குச் சனம்னு நெனச்சுக்காதீங்க, 1860ல இருந்து மெட்ராஸ்ல கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்கள்ல வட ஆற்காட்டுப் பக்கத்தாளுங்கதான் நெம்ப.

அங்க எந்த எனத்தான் எந்த ஏரியாவுல குடியிருக்கலாம்னு 1950லயே ஒரு சட்டம் போட்டுட்டாங்க. ஜோகன்னஸ்பர்க்ல வெள்ளைக்காரங்க ஏரியாவுல குடியிருந்தாங்கன்னு ஒரு கோவெந்தர் அம்மா மேல கேஸ் போட்டு, கீழ்க்கோர்ட்ல குத்தவாளின்னு சொல்லி, ஊட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வேற ஊடு கெடைக்குமா, எங்க போவாங்க, அதையெல்லாம் யாரும் கேக்கலை. 1982ல அது மேல்கோர்ட்டுக்கு வந்தப்ப ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன்னு ஒரு ஜட்ஜ், சட்டத்துல கோர்ட்டு காலி பண்ணச் சொல்லி உத்தரவு போடலாம்னுதானே இருக்குது, போட்டே தீரணும்னு எங்க இருக்குதுன்னு பாத்தாரு. அந்த "லாம்"ங்கற ரெண்டெழுத்துதானுங்க மொத்தக் கேஸும். அவங்களுக்குப் போக்கிடம் இருக்குதா, எத்தன கஷ்டம் வரும்னு விசாரிக்காம வெளிய தள்ளக்கூடாதுன்னு தீர்ப்பு. கறுப்பர், இந்தியர் ஏரியாவுல ஊட்டுக்குப் பஞ்சம், அதனால மாத்து ஊடு காட்டச் சொன்னா அரசாங்கத்தால காட்ட முடியலை, அதுக்கப்பறம் இந்த மாதிரி கேஸ் போடறதே கிட்டத்தட்ட நின்னுபோச்சு. திருப்பூர்ல வாடகைக்கு ஊடு கேக்கப்போனா "நீங்க என்ன ஆளுங்க"ன்னு மொதல்ல கேக்கறாங்களே, அந்தக் கேள்வி எப்புடிக் குத்தும்னு தெரிஞ்சவங்களுக்கு இந்தத் தீர்ப்போட அருமை புரியுமுங்க.

கேள்வி: அந்தக் கோல்ட்ஸ்டோன் அத்தன நல்லவரா இருந்தா அந்த அரசாங்கத்துல எதுக்குங்க ஜட்ஜ் ஆகோணும்?
(ஒரு வாசகர், பெருந்துறை)

பதில்: அங்கயே பெரிய சண்டை நடந்த கேள்விங்க இது. 1983ல நேட்டால்ல ரேமண்ட் வாக்ஸ்னு ஒரு புரொபசர், மனசாட்சி இருக்கற ஜட்ஜுங்க ராஜினாமா பண்ணோணும்னு பேசினாரு, ஜான் டுகார்ட்னு இன்னொரு புரொபசர், அப்பறம் அங்க மிச்சம் யாரு இருப்பாங்கன்னு எதுத்து எழுதினாரு. கோல்ட்ஸ்டோன் 1938ல பொறந்தவரு, காலேஜ்ல இருந்தே இனப் பாகுபாட்டை எதுத்தவரு, வக்கீலா இருந்து 1980ல ஜட்ஜ் ஆனாரு. அங்க எமர்ஜென்சி போட்டப்ப புடிச்சு வெச்சிருந்தவங்களை ஜெயிலுக்கே போயி பாத்தாரு. ஆனா தூக்குத் தண்டனையும் குடுத்திருக்காருங்க, அதை மறைக்கக்கூடாது. டர்பன்ல டிட்காட்னு ஒரு ஜட்ஜ் இருந்தாரு, 1975ல இருந்து பெஞ்சுல ஒக்காந்தும் ஒருத்தரைக்கூட அவரு தூக்குக்கு அனுப்பலை, 1979ல ஒரு தீர்ப்புல, பாராளுமன்றம் போடறது சட்டம், ஆனா அது எப்பவும் நியாயம் ஆயிராதுன்னே எழுதிட்டாரு. பிற்பாடு 1995ல தூக்குத் தண்டனையே கூடாதுன்னு சொன்ன 11 ஜட்ஜுகள்ல அவரும் ஒருத்தரு.

அந்தக் காலத்துல அங்க பாராளுமன்றம் போட்ட சட்டத்தை இங்க மாதிரி கோர்ட்டு செல்லாதுன்னு பொதுவா சொல்ல முடியாம இருந்துச்சுங்க. விதிவிலக்கா, 1950கள்ல கலப்பினத்தாரோட ஓட்டுரிமையில கை வெக்க வேண்டாம்னு கோர்ட்டு தடுத்துச்சு, 1955ல மேல் சபையில ஆளைக் கூட்டி, ஜட்ஜுங்களையும் 11 ஆக்கிட்டாங்க. மறுபடி அந்தக் கேஸ் வந்தப்ப 10 பேரு தலையாட்டினாங்க, ஒலிவர் ஷ்ரைனர் ஒருத்தருதான் மாட்டேன்னு எழுதினாரு, அவருக்குத் தலைமை நீதிபதி பதவி கடைசி வரைக்கும் கெடைக்கவேயில்லை.

நீங்க என்னைக் கேட்டா, அன்னிக்கு கோல்ட்ஸ்டோன் வேலைய உதறிட்டுப் போயிருந்தா கோவெந்தர் அம்மாவோட கேஸு வேற யாரு மேசைக்குப் போயிருக்கும்னுதான் நான் பாப்பேனுங்க. அந்த ஏரியாச் சட்டத்தை எடுக்க 1991 ஆச்சு, 9 வருசம் அந்தத் தீர்ப்பை வெச்சுத்தான் பல குடும்பம் இருந்த ஊட்டுலயே இருந்துச்சு.