உலை, தகடு, உளி: நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

எல்லோரும் பேசி நாளாகிவிட்டது. நலம் விசாரித்த கையோடு ஆளுக்கொரு உலோக வேலைக் கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஹட்டன் தம்பி: சுகமா அண்ணா? இங்கே மழை விட்டபாடில்லை. கராஜில் பழைய லொறி ஸ்பிரிங் பட்டை ஒன்று கிடைத்தது. அதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி அடிக்கலாமா?

நல்ல சுகம் தம்பி. தாராளமாக அடி, அது நல்ல உருக்கு. காபன் 0.6 சதவீதம் அளவில் இருக்கும். ஆனால் பழைய பட்டையில் மயிரிழை வெடிப்பு ஒளிந்திருக்கும், முதலில் தேய்த்துப் பார். செம்மஞ்சளாகக் காய்ந்திருக்கும்போது மட்டும் அடி. நிறம் மங்கியதும் சம்மட்டியை வைத்துவிட்டு மறுபடி உலையில் போடு. நிறம் தெரிய வேண்டுமென்றால் பொழுது சாயும் நேரத்தில் வேலை செய். நடு வெயிலில் எந்தச் சூடும் கறுப்பாகத்தான் தெரியும்.

விளிம்பை ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் விட்டுவிட்டுத் தோய்ச்சலுக்கு, அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிர்விக்கும் வேலைக்கு, போ. 770 பாகை செல்சியஸ் அளவில் உருக்கு காந்தத்தில் ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஒளிரவிட்டு எண்ணெயில் இறக்கு. தண்ணீரில் இறக்கினால் வெடித்துவிடும். தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நம் குளிரில் கட்டியாகவே கிடக்கும். 50, 60 பாகைக்குச் சூடாக்கிக்கொள். எண்ணெய் தீப்பிடித்தால் மூட, பக்கத்தில் ஒரு இரும்பு மூடி இருக்கட்டும். தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி நொறுங்கும். அன்றைக்கே கேக் சுடும் அவனில் (oven) 200 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு தடவை. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சரி.

பண்டாரவளைத் தங்கச்சி: கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன் அண்ணா. செம்புத் தகட்டில் கொழுந்து வடிவம் தட்டுகிறேன், நடுவில் கிழிந்துவிடுகிறது.

வந்தது நல்லது, அம்மாவுக்கும் துணை. தட்டத் தட்டச் செம்பு இறுகும், அதுதான் காரணம். காதைக் கொடுத்துக் கேள்: முதலில் மொத்தென்று இருக்கும் சத்தம் கணீரென்று மாறும். அப்போதே நிறுத்திவிடு. மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடு. உருக்குக்கு நேர்மாறு இது, செம்பு இளகிவிடும். மேலே படிந்த கறுப்பைத் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய். ஒரு கொழுந்து முடிவதற்குள் பல தடவை காய்ச்ச வேண்டி வரும், அலுக்காதே. அடியில் பலகை வைக்காமல், தட்டார்கள் செய்வதுபோல அரக்கில் செங்கற்பொடி கலந்து படுக்கை போடு. தகடு அமுங்கும், நழுவாது.

நுவரெலியா அக்கா: குத்துவிளக்கைத் துலக்கித் துலக்கிக் கை ஓய்ந்துவிட்டது தம்பி.

1,868 மீற்றர் உயரத்தில் மூடுபனிக்குள் இருக்கிறீர்கள் அக்கா, பித்தளை கறுக்கத்தான் செய்யும். புளியில் துலக்கிய பிறகு நன்றாகக் கழுவி வெயிலில் காய வையுங்கள். ஈரத்தோடு உள்ளே எடுக்காதீர்கள்.

மஸ்கெலியா தம்பி: பழைய பித்தளைப் பைப்புகளைக் காம்பராவுக்குள்ளேயே உருக்கி வார்க்கலாமா அண்ணா? வெளியே ஒரே குளிர்.

வேண்டாம் தம்பி. பித்தளை உருகுவது 900 பாகையை ஒட்டி, அதிலுள்ள நாகம் (துத்தநாகம்) கொதிப்பது 907 பாகையில். வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதை இழுத்தால் இரவே காய்ச்சலும் நடுக்கமும்தான். நாகப் பூச்சுள்ள தகரமும் அப்படியே. கதவைச் சாத்திக்கொண்டு சிரட்டைக் கரி எரித்தாலோ, வாசமே இல்லாத காபன் மொனொக்சைட்டு ஆளையே கொன்றுவிடும். சின்ன உலை என்றாலும் இஸ்தோப்புக்கும் (முன் திண்ணைக்கும்) வெளியே, திறந்த இடத்தில்தான். வார்ப்பு கற்க ஆசையிருந்தால் கண்டிப் பக்கம், பிலிமத்தலாவையில் பித்தளை வேலை செய்கிறவர்களிடம் போய்ப் பார். பக்கத்தில் நின்று பார்ப்பதில் கிடைப்பது என் எழுத்தில் கிடைக்காது.

பலாங்கொடை நண்பன்: அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மலைக்காற்றிலேயே இரும்பு உருக்கினார்கள் என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் எனக்குத் துருத்தி எதற்கு?

உண்மைதான், எனக்கு மிகவும் பிடித்த சங்கதி! சமனலவெவ பகுதியின் மேற்குப் பார்த்த சரிவுகளில், 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, தென்மேல் பருவக்காற்றையே நம்பி உலை மூட்டினார்கள். தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அந்த உலையைத் திரும்பக் கட்டி, காற்றிலேயே இரும்பு எடுத்துக் காட்டி, 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நம் மலையோரத்து மக்களின் அறிவு அது, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடு.

ஆனால் அது இரும்புத் தாதுவை உருக்கும் உலை. கத்தி காய்ச்சும் உனக்குக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும், அதற்குக் கையால் சுற்றும் ஊதுவிசிறி ஒன்று வாங்கிவிடு. ஆடிக் காற்றில் பொறி பறந்து மானாப்புல்லில் விழும். மூட்டுவதற்கு முன் சுற்றிலும் வெட்டித் துப்புரவாக்கி, ஒரு வாளி தண்ணீரும் வைத்துக்கொள்.