ஒன்பது வருடத் தேக்கு ஏன் பருக்கவில்லை?

கேள்வி: வன்னியில் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியில் 6 அடிக்கு 6 அடியாகத் தேக்கு வைத்து ஒன்பது வருடம். இதுவரை ஒன்றும் வெட்டவில்லை. மரங்கள் நெடுத்து நிற்கின்றன. சுற்றளவு 15 அங்குலம்தான். ஓரத்துப் பள்ளத்தில் நிற்பவை மஞ்சளடிக்கின்றன. யூரியா போடலாமா? ஒரு வியாபாரி தோட்டத்தை முழுதாகக் கேட்கிறார், பெர்மிட்டையும் தானே பார்ப்பாராம். கொடுத்துவிடவா ஐயா?

பதில்: யூரியா வேண்டாம். ஏக்கருக்கு 1,210 மரம் நிற்கிறது. ஐந்தாம் வருடமே பாதியை எடுத்திருக்க வேண்டும். தோட்டத்துக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள்: பச்சை உச்சியில் மட்டும் இருக்கும், கீழ்க்கிளை எல்லாம் காய்ந்திருக்கும். இலை குறைந்த மரம் எதை வைத்துப் பருக்கும்? உரம் போட்டால் இன்னும் நெடுக்கும், அவ்வளவுதான். உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் விட்டாலே மண்ணுக்குப் போதும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எந்த மரத்தை எப்போது எடுப்பது என்பதை. ஒரேயடியாக வெட்டி வெளியாக்காதீர்கள். நெருக்கத்தில் வளர்ந்த மெலிந்த மரம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் வளைந்து முறியும். மழை விட்டு நிலம் காய்ந்த மாசியில் ஏக்கருக்கு 600 நிற்கும்படி எடுங்கள். இரண்டாகக் கவர் விட்டுப் பிரிந்தது, கோணல், உச்சி அமுங்கியது முதலில் போகட்டும். தென்மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசையைக் காற்றுக்கு மறைப்பாக இப்போது தொடாதீர்கள். இரண்டு, மூன்று வருடம் கழித்து 300. கடைசி வெட்டுக்கு 100 முதல் 120 மரம் நின்றால் நல்ல தோட்டம்.

குறி போடுவது உங்கள் கை வேலை, வியாபாரியிடம் விடாதீர்கள். அவர் பருத்ததை எடுத்து நோஞ்சானை உங்களுக்கு விட்டுப் போவார். வெட்டும் மரத்துக்கு நெஞ்சு மட்டத்தில் ஒரு பெயின்ற் குறி, வேரடியில் இன்னொன்று. வெட்டி முடிந்தபின் அடிக்கட்டைகளைப் பாருங்கள்; குறியில்லாத கட்டை இருந்தால் அது களவு. கட்டைகள் மழைக்குத் துளிர்க்கும், அந்தத் துளிரை உடைத்துவிடுங்கள்.

முழுதாக ஏன் விற்கக்கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சுற்றளவில் கால்பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவதுதான் வழக்கமான அளவு. 15 அங்குலத்தில் பத்தடித் துண்டு ஒரு கன அடிகூடத் தேறாது. 30 அங்குலமானால் ஏறத்தாழ 4, 45 ஆனால் ஏறத்தாழ 9 கன அடி. அதோடு, இப்போது உள்ளே வைரம் (நடுவில் இறுகிய கெட்டி மரம்) கொஞ்சம்தான். மண்ணில் நட்டால் உக்கிப்போகும், கூரைக்குள் கைமரமாகப் போட்டாலும் வெள்ளைப் பகுதியைப் பூச்சி துளைக்கும். எட்டு வருடத்தில் வைரத் தேக்கு என்று கன்று விற்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். எந்தக் கன்றுக்கும் இடமும் காலமும் வேண்டும்.

பெர்மிட்டில்தான் பெரிய ஆபத்து. தேக்கை ஏற்றிச்செல்ல வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காணிப் பத்திரத்தோடு நீங்களே போய் எடுங்கள். உங்கள் பெயரில் இன்னொருவர் எடுத்தால், அதன் மறைவில் காட்டு முதிரை மரமும் பாலை மரமும் ஏறும். பிடிபட்டால் தாளில் உங்கள் பெயர்தான் இருக்கும். இயற்கைக் காட்டில் வெட்டுவதை அரசு 1990இல் நிறுத்தியபிறகு நாட்டின் மரத்தேவையில் பெரும் பங்கை வீட்டுத்தோட்டங்களும் இப்படியான காணிகளும்தான் தாங்குகின்றன. வன்னியில் மேட்டுக்காணி இருக்கிறது, மழை இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. பருவத்துக்கு இடையிடையே வெட்டி ஐதாக்காமல் விட்டுக் குச்சியாக விற்றால் தச்சர் நல்ல பலகைக்குக் காட்டு மரத்தையே தேடுவார்.

பள்ளத்து மரம் மஞ்சளடிப்பது மாரித் தண்ணீர் தேங்குவதால். தேக்கு ஈரக்கால் பொறுக்காது. ஒன்றரை அடி ஆழ வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடுங்கள். அதற்கும் தேறாதவற்றை எடுத்துவிட்டு மருது வையுங்கள். ஐதாக்கிய வெட்டுக்கழிவை வைகாசிக்கு முன் வெளியே இழுத்து, தோட்டத்தைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குச் செருக்கி வெறுந்தரையாக்குங்கள். கோடையில் பக்கத்துக் காணியில் வைக்கிற நெருப்பு காய்ந்த தேக்கிலை வழியே நேரே உள்ளே வரும்.