மெதுவான இணையம் உள்ள ஊரில் விண்டோஸ் 11-க்கு மாறலாமா?

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு செட்டிநாட்டுக் கிராமத்தில், விண்டோஸ் 10 உள்ள மடிக்கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையின் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கணினியின் தகுதியை வைத்து முடிவெடுங்கள். இணைய வேகம், விண்டோஸ் 11-இன் நிறுவல் கோப்பை எந்த ஊரில் இறக்குவது என்பதை மட்டும் தீர்மானிக்கட்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினி நின்றுவிடாது, ஆனால் புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். வங்கி வேலையும் ஜி.எஸ்.டி. தாக்கலும் அதே கணினியில் நடக்குமானால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 (கணினியின் பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் சிப்), குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப் ஆகியவை தேவை. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியே இதைச் சோதித்துச் சொல்லிவிடும். தேறவில்லை என்றால், யூடியூபில் காட்டும் குறுக்குவழிகளில் இறங்காதீர்கள். அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதற்குப் பதிலாக, 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்கே பாதுகாப்புப் புதுப்பிப்பு தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்துகொண்டு, அதற்குள் வேறு கணினிக்கு வழி பார்க்கலாம்.

தேறிவிட்டால் தாராளமாக மாறுங்கள். ஆனால் வீட்டிலிருந்து இறக்க முயல வேண்டாம். விண்டோஸ் 11 முழுவதையும் அடக்கிய நிறுவல் கோப்பான ஐ.எஸ்.ஓ. கோப்பு 5 ஜிபிக்கு மேல் இருக்கும். 2 எம்பிபிஎஸ் வேகம் சற்றும் குறையாமல் கிடைத்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் சிக்னல் வருவதே பெரிய காரியம் என்பதால், கைப்பேசியை வளவில் வைத்துவிட்டுக் காத்திருந்தாலும் இணைப்பு நடுவில் அறுந்துபோகும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் பதிவிறக்க இணைப்போ 24 மணி நேரத்துக்குத்தான் செல்லும்.

காரைக்குடியில் ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீட்டிலோ நண்பரின் கடையிலோ இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருவதே சரி. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. முன்னதாகவே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். மொழித் தேர்வில், உங்கள் விண்டோஸ் இப்போது 'இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்' பதிப்பா, 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' பதிப்பா என்று பார்த்து அதையே எடுங்கள். மாறிப்போனால் நிறுவியிருக்கும் மென்பொருள்களை அப்படியே வைத்துக்கொள்ள இயலாது. அவற்றையெல்லாம் மறுபடி இறக்க வேண்டிவரும்.

வீட்டுக்கு வந்ததும் டேலி கணக்கு மென்பொருளின் தரவுகளை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து வைத்துவிட்டு, ஐ.எஸ்.ஓ.வை மடிக்கணினிக்கு மாற்றித் திறந்து 'செட்அப்' கோப்பை ஓட்டுங்கள். முதல் திரையில், புதுப்பிப்புகளை இறக்கும் விதத்தை மாற்றும் இணைப்பைச் சொடுக்கி, 'நாட் ரைட் நௌ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இணையத்துக்கு வேலையே இல்லை. பிறகு ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிட்டால், பெரிய புதுப்பிப்புகள் பெரும்பாலும் தாமாக இறங்கி டேட்டாவைத் தின்னாது.

மாறியபின் 10 நாட்களுக்குள் எதையும் பதிவிறக்காமலேயே பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். எனவே பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டேலி மூன்றையும் அந்த வாரத்துக்குள்ளேயே இயக்கிப் பாருங்கள். அதுவரை வட்டில் இடம் வேண்டும் என்று பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ் ஓல்டு' கோப்புறையை அழித்துவிட வேண்டாம்.