ஏழு எறும்புகள்

அன்புள்ள ஐயா,

எட்டு மாதமாக ஒரு கட்டெறும்பு ராணியை டெஸ்ட் டியூபில் வளர்க்கிறேன். இன்னும் ஏழு வேலைக்கார எறும்புகள்தான். தினமும் தேனும் பூச்சித் துண்டும் வைக்கிறேன். பாதி பூஞ்சை பிடித்துப் போகிறது. புழுக்களும் பல வாரமாக அதே அளவில் இருக்கின்றன. நண்பர் வளர்க்கும் வேறு இனம் இதற்குள் நூறைத் தாண்டிவிட்டது. தீனி போதவில்லையா? பெரிய கூட்டுக்கு மாற்றலாமா?

சு.

அன்புள்ள சு.,

மாற்ற வேண்டாம். ஏழு பேருக்கு அந்தக் குழாயே தாராளம்.

உங்கள் எறும்புகளிடம் குறை எதுவும் இல்லை. கட்டெறும்பு மெதுவாகப் பெருகும் இனம். கூடு தொடங்கும் ராணி வெளியிலிருந்து எந்த இரையும் உண்பதில்லை. இறக்கையை உதிர்த்துவிட்டு, பறக்க உதவிய தசையையே கரைத்து முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறாள். அந்தக் கையிருப்பில் சில சின்ன எறும்புகளைத்தான் ஆளாக்க முடியும். அவை இரை கொண்டுவந்த பிறகுதான் அடுத்த ஈடு. முட்டை எறும்பாக நல்ல சூட்டிலேயே ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். முதல் வருடம் முடியும்போது 10, 20 எறும்புகள் இருந்தால் அது நல்ல கூடுதான்.

தீனி போதுமா என்பதை எறும்பின் வயிறே சொல்லும். பசித்த எறும்புக்கு வயிற்றின் கறுப்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி மூடியிருக்கும். வயிறு முட்டக் குடித்ததும் தகடுகள் விலகி, இடையில் மெல்லிய தோல் கோடு கோடாகத் தெரியும். வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் தேன் நிறம்கூடத் தெரியும். அந்தத் தேன் ஊருக்குப் பொதுவானது. உள்ளே போய் வாயோடு வாய் வைத்து மற்றவர்களுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும். இரண்டு வயிறு நிறைந்தாலே உங்கள் கூடு முழுக்கச் சாப்பிட்டுவிடும். அதனால் வாரம் இரண்டு முறை, தண்ணீர் கலந்த தேன் ஒரு சிறு சொட்டு போதும்.

பூச்சி பெரும்பாலும் புழுக்களுக்குத்தான். வளர்ந்த எறும்பால் திடமான எதையும் விழுங்க முடியாது. மூன்று நான்கு நாளைக்கு ஒரு பழ ஈ வையுங்கள். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். மருந்தடித்துச் செத்த பூச்சி மட்டும் கூடவே கூடாது.

புழுக்கள் வளராமல் நின்றால் நான் முதலில் பார்ப்பது சூட்டை. 24 முதல் 28 டிகிரி வரை இருக்கட்டும். குழாயின் ஒரு முனைக்கு மட்டும் இளஞ்சூடு கொடுங்கள். வேண்டும்போது அவையே புழுக்களைத் தூக்கிக்கொண்டு நகரும். குளிர்நாட்டு இனமாக இருந்தால் குளிர்காலத்தில் புழுக்கள் வளராமல் ஓய்வெடுக்கும், அப்போது சூடு காட்டாதீர்கள்.

அப்புறம், எத்தனை முறை திறந்து பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் முதல் கூட்டை நான் தினமும் துணியை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒருநாள் முட்டைக் குவியலே இல்லை. மிரண்டுபோன ராணி அத்தனையையும் தின்றிருந்தாள். முட்டைகள் இருந்த இடத்தில் குழாயை அடைத்த வெறும் பஞ்சு மட்டும் தெரிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குழாயை இருட்டில், அதிர்வில்லாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அப்படிப் பார்க்கும்போது, நெல்மணி போன்ற கூட்டுப்புழு உறைகளின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளே புழு தன் கழிவை ஒதுக்கிவிட்டு உருமாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எத்தனை உறைகளில் தெரிகிறது என்று எழுதுங்கள்.