ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட 3 மணி நேரத்தில் வாந்தி: அஜினோமோட்டோதான் காரணமா?

கேள்வி: எப்போதும் கூட்டம் மொய்க்கும் மலிவுவிலை சைனீஸ் உணவகம் ஒன்றில், மதியக் கூட்டம் கலைந்த பிறகு ஃப்ரைடு ரைஸ், சூப் சாப்பிட்டேன். 3 மணி நேரத்தில் குமட்டல் தொடங்கி, 5 முறை வாந்தி. காய்ச்சல் இல்லை. மறுநாள் சரியாகிவிட்டது. நண்பர்கள் அஜினோமோட்டோவைக் குறை சொல்கிறார்கள். இனி அங்கே போகலாமா?

பதில்: போகலாம். உங்கள் நண்பர்கள் சந்தேகப்படும் பொருளைவிட, அந்தச் சோற்றின் மீதுதான் எனக்குச் சந்தேகம் அதிகம். சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் காய்ச்சலின்றி வாந்தி வந்து, ஒரே நாளில் அடங்கினால், முதலில் நினைக்க வேண்டியது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா.

இதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கும்; சோறு வெந்தாலும் சாகாது. வெந்த சோறு வெளியே ஆறிக்கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, செருலைடு என்ற நச்சைச் சுரக்கின்றன. பெரிய பாத்திரத்துச் சோற்றின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருப்பதால் அங்கே ஆபத்து கூடுதல். சுடுசோறு குழைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஃப்ரைடு ரைஸுக்கு ஆறிய சோற்றைத்தான் எடுப்பார்கள். அதை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் குற்றமில்லை. அடுப்போரம் வைத்திருந்தால்தான் வினை. பிறகு எவ்வளவு பெரிய தீயில் வதக்கினாலும் பயனில்லை. 121 டிகிரி செல்சியஸிலும் அழியாத நச்சு அது.

அஜினோமோட்டோ மீதான பழி, 1968இல் ராபர்ட் ஹோ மேன் குவோக் என்ற மருத்துவர் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது. அவர் சொன்னவை பிடரி மரத்துப்போதல், சோர்வு, படபடப்பு. வாந்தி அதில் இல்லை. வெறும் வயிற்றில் 3 கிராமுக்கு மேல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் சிலருக்கு லேசான தலைவலி போன்றவை வந்தன. உணவோடு சேரும்போது அதுவும் உறுதிப்படவில்லை. சைனீஸ் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கடும் தாகத்துக்குப் பெரும்பாலும் உப்பே காரணம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் வரம்போ 2,000. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சூப்பை முழுதாகக் குடிக்காதீர்கள்.

கூட்டம் உங்களுக்குச் சாதகம்தான், சோறு தேங்காது. நெரிசல் நேரத்தில் போங்கள். கூட்டம் கலைந்த பிறகு போனால், ஆவி பறக்கும் வெறும் சோறு கேளுங்கள். நூடுல்ஸையும் முன்கூட்டியே வேகவைத்து வெளியில் வைத்திருந்தால் இதே ஆபத்து உண்டு. மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்தால், தட்டையான பாத்திரத்தில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள்.

மறுபடி வாந்தி வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாம். தொல்லை தருவது ஏற்கெனவே உருவான நச்சு, அதை மருந்து தொடாது. ஓ.ஆர்.எஸ். இல்லையெனில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்துகொள்ளுங்கள். மடமடவெனக் குடித்தால் அப்படியே வெளியே வரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு தேக்கரண்டியே போதும். வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், 8 மணி நேரமாகச் சிறுநீர் வராமை, மயக்கம், 24 மணி நேரம் தாண்டியும் நிற்காத வாந்தி இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கண் மஞ்சளானால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. அரிதாக இந்த நச்சு கல்லீரலையும் தாக்கும்.