மகரக்கட்டு – கடிதம்

அன்புள்ள சார்,

ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பற்றிய கட்டுரையில் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்கி லைமனுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தீர்கள். '13 வயதில் உச்சம், 25 வயதில் சாவு, நடுவில் கம்பெனிக்காரர்கள்' என்று முடித்துவிட்டீர்கள். பிறகு நானே தேடிப் படித்தேன். டிவியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடன் ஆடியதால்தான் அவர் சரிந்தார் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டிலுமே சம்மதமில்லை. சின்ன வயதில் பணமும் புகழும் வந்தன, போதைக்குப் போனார், செத்தார். இதில் அடுத்தவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இன்னொன்று, அவரை எந்தப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ரா., தஞ்சாவூர்

அன்புள்ள ரா.,

ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டது என் சோம்பேறித்தனம்தான்.

முதலில் அந்த நடனம். 1957-இல் ஆலன் ஃப்ரீட் என்ற ரேடியோ அறிவிப்பாளர் ஏபிசி டிவியில் 'தி பிக் பீட்' என்றொரு நிகழ்ச்சி நடத்தினார். அதில் கறுப்பினப் பையனான லைமன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுடன் ஆடினார். தென் மாநில டிவி நிலையங்கள் கொதித்துப்போயின, நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். கவனியுங்கள், நின்றது ஃப்ரீடின் நிகழ்ச்சி. லைமனுக்குக் காத்திருந்த ஆபத்து வேறு. அவருக்கு அப்போது 14 வயது.

நம் பழைய நாடகக் கம்பெனிகளில் இதற்கு ஒரு சொல் உண்டு: மகரக்கட்டு. பையனின் குரல் உடைவது. கம்பெனி நடத்துகிறவர்களுக்கு அது ஒருநாள் வந்தே தீரும் என்று தெரியும். நியூயார்க்கில் ரெக்கார்டு போட்டவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துதான் அவசரப்பட்டார்கள் என்பது என் எண்ணம்.

நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர் லைமன். பத்து வயதிலேயே மளிகைக் கடையில் எடுபிடி வேலை. வாஷிங்டன் ஹைட்ஸ் பள்ளிக்கூடத்தில் நான்கு பையன்கள் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்: ஹெர்மன் சாண்டியாகோ, ஜோ நெக்ரோனி, ஜிம்மி மெர்ச்சன்ட், ஷெர்மன் கார்ன்ஸ். முதல் இருவர் போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பிள்ளைகள், மற்ற இருவர் கறுப்பினத்தவர். கைத்தட்டலும் வாயும்தான் வாத்தியம். லைமன் ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர். இவர்கள்தான் 'தி டீனேஜர்ஸ்'. அண்டை வீட்டுக்காரர் ஒருவர் தன் காதலி எழுதிய கடிதங்களைப் பாட்டுக்கு உதவும் என்று இவர்களிடம் கொடுத்தாராம், அதிலிருந்து பிறந்ததுதான் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. முன்னால் நின்று பாட வேண்டியவர் சாண்டியாகோ. தயாரிப்பாளர் ஜார்ஜ் கோல்ட்னர் முன் பாடிக்காட்டிய அன்று அவருக்குத் தொண்டை சரியில்லை என்பார்கள். பாடியது லைமன். 1956 ஜனவரியில் ரெக்கார்டு வந்தது. அமெரிக்க பாப் பட்டியலில் ஆறாம் இடம், ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம், பிரிட்டனிலும் முதலிடம். மறு வருடம் லண்டன் பல்லேடியம் மேடை.

பின்னாளில் வந்த ரெக்கார்டுகளின் லேபிளைப் பாருங்கள். பாட்டை எழுதியவர்கள் லைமன், கோல்ட்னர் என்று இருக்கும். சாண்டியாகோவும் மெர்ச்சன்ட்டும் எங்கே? இல்லை. கோல்ட்னருக்குச் சூதாட்டப் பழக்கம், கடனுக்காகத் தன் கம்பெனிகளை மோரிஸ் லெவி என்ற இன்னொரு ரெக்கார்டு முதலாளியிடம் விற்றார். அப்புறம் கோல்ட்னர் பெயர் இருந்த இடத்தில் லெவி பெயர் ஏறியது. ஒரு வரிகூட எழுதாத ஆசாமி! லெவியை 1988-இல் மிரட்டிப் பணம் பறிக்கும் சதி வழக்கில் தண்டித்தார்கள். நான் 'கம்பெனிக்காரர்கள்' என்று எழுதியபோது இவர்களைத்தான் நினைத்தேன்.

போதையைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஹெராயின் ஊசி அவர் கையில் குத்தியதுதான், வேறு யாரும் குத்தவில்லை. ஆனால் அது தொடங்கியது 15 வயதில். அந்த வயதுப் பையனைக் குழுவிலிருந்து பிரித்துத் தனியாகப் பாட வைத்திருந்தார்கள். கூடப் பாடிய நான்கு பேரும் போன பின், கையில் இருந்த ஒரே முதலீடான குரலும் மாறியது. பையன் குரலில் எட்டிய உச்சத்தைப் பெரியவனான பின் கள்ளக் குரலில் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். ரெக்கார்டுகள் விற்கவில்லை. 'புகழைத் தாங்க முடியாமல் கெட்டுப்போனார்' என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, புகழ் போன பிறகு என்ன செய்வது என்று யாருமே சொல்லித்தராததுதான் பெரிதாகத் தெரிகிறது.

1965-இல் 'ஹாலிவுட் அ கோ கோ' என்ற டிவி நிகழ்ச்சிக்கு வந்தார். வயது 22. பழைய ரெக்கார்டை ஓடவிட்டு வாயசைக்கச் சொன்னார்கள். 13 வயதில் தான் பாடிய குரலுக்கு, வளர்ந்த ஆள் வாயசைத்தார். டிவியில் வாயசைப்பது அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனாலும் என்னால் அதை முழுசாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

பிறகு ராணுவம், ஜார்ஜியாவில் எமிரா ஈகிள் என்ற ஆசிரியையுடன் கல்யாணம். மறுபடி பாட வாய்ப்பு வந்து நியூயார்க் திரும்பினார். 1968 பிப்ரவரி 27 அன்று ஹார்லெமில் பாட்டி வீட்டுக் குளியலறையில் இறந்து கிடந்தார்.

1981-இல் பாடகி டயானா ராஸ் 'ஒய் டூ ஃபூல்ஸ்' பாட்டைப் பாடி மறுபடி பணம் புரண்டதும் மனைவி என்று மூன்று பேர் வழக்காடினார்கள். கடைசியில் எமிரா ஜெயித்தார். சாண்டியாகோவும் மெர்ச்சன்ட்டும் போட்ட வழக்கில், பாட்டை எழுதியவர்கள் இவர்கள்தான் என்று 1992-இல் ஜூரி ஒப்புக்கொண்டது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எழுதவில்லை என்பதற்காக அல்ல. வழக்குப் போடச் சட்டம் தரும் மூன்று வருடக் கெடுவுக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, எதைக் கேட்பது? முதலில் 'ஒய் டூ ஃபூல்ஸ்' பாட்டையே கேளுங்கள். ஆரம்பத்தில் தனியாக வரும் அடித்தொண்டைக் குரல் கார்ன்ஸுடையது. பையனை விட்டுவிட்டு அதைப் பின்தொடருங்கள், பிறகு நடுவில் வரும் சாக்ஸபோன். அடுத்து 1957-இல் வந்த 'குடி குடி' (நம்மூர்க் குடி இல்லை). முதலில் வந்த ரெக்கார்டில் 'ஃபிராங்கி லைமன் அண்ட் தி டீனேஜர்ஸ்' என்றே போட்டிருக்கும். பின்னால் பாடுகிறவர்கள் கூலிக்கு வந்த பாடகர்கள். அந்த நான்கு பேரில் ஒருவர்கூட அதில் இல்லை.