மார்ஃபின் மலச்சிக்கலுக்கு மூலிகைப் பொடி போதுமா?

கேள்வி: அம்மா புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறார். நாலு நாளாக மலம் போகவில்லை. இசப்கோல் கொடுக்கலாமா? தெரிந்தவர் ஒருவர் பக்கவிளைவே இல்லாத மூலிகைப் பொடி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மார்ஃபினைக் குறைத்துவிடலாமா?

பதில்: மார்ஃபினை நீங்களாகக் குறைக்காதீர்கள். அதேசமயம், உடம்பு பழகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மார்ஃபின் தரும் குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாளில் தணியும், மலச்சிக்கல் தணியாது. மார்ஃபின் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. தேங்கிய மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு, மலம் கல்லாக இறுகுகிறது.

இசப்கோல் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரில் ஊறி உப்பும். உப்பியதைத் தள்ளக் குடல் அசைய வேண்டுமே! படுத்த படுக்கையாக, தண்ணீரும் குறைவாகக் குடிப்பவருக்கு அடைப்பே வரலாம்.

மூலிகையில் பயன்படுவது நிலாவாரை. மருத்துவர் எழுதும் சென்னா மாத்திரை இதே செடியிலிருந்து வருவதுதான். குடலை அசையத் தூண்டும். இரவில் கொடுத்தால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். மலத்தை இளக்க லாக்டுலோஸ் போன்ற ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

அப்படியானால் அந்தப் பொடி? தொடாதீர்கள். இப்படி விற்கும் பல பொடிகளில் வேலை செய்வது நிலாவாரைதான். எவ்வளவு இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. சிலர் ரசாயனப் பேதி மருந்தையும் கலந்துவிடுகிறார்கள். பக்கவிளைவே இல்லை என்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள். குடலைப் பிசைந்து அசைக்கிற எந்த மருந்தும் அளவு மீறினால் வயிற்றைப் பிடித்து இழுக்கும், பொட்டாசியத்தையும் குறைக்கும்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருந்தால் நிலாவாரையும் கூடாது, ஆமணக்கெண்ணெயும் கூடாது. அது குடல் அடைப்பாக இருக்கலாம்; அடைத்த குடலை மருந்தால் முடுக்கினால் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று நினைத்து அதை நிறுத்த மாத்திரை கொடுக்காதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டும் அப்படிக் கசியும். நாலு நாள் ஆகிவிட்டதால், எப்படியும் இன்றே மருத்துவரோ செவிலியரோ ஆசனவாயைச் சோதிக்கட்டும்; முதலில் எனிமா தேவைப்படலாம்.

மார்ஃபின் எழுதும்போதே அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்க வேண்டும். நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம் இது. இன்னமும் அதை எழுதாமல் அனுப்பி, குடும்பங்களைப் பொடி விற்பவர்களிடம் தள்ளிவிடுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். சென்னாவும் லாக்டுலோஸும் பலிக்காவிட்டால், வலி நிவாரணத்தைக் கெடுக்காமல் குடலில் மட்டும் மார்ஃபினைத் தடுக்கும் நால்டெமெடின், மெத்தில்நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் அம்மாவுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.